எழுத்துப் பிழையைச் சுமந்து பறக்கும் வாத்து!



தேர்வில் ஒரு சொல்லைத் தவறாக எழுதிவிட்டால் என்ன நடக்கும்? ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு சுழி போடுவார். அரை மதிப்பெண் காணாமல் போகும். வீட்டில் உட்கார்ந்து அந்தச் சொல்லைப் பத்து முறை திருத்தி எழுதவேண்டும். அந்தச் சிவப்புப் பேனாவைப் பல ஆண்டுகள் கையில் பிடித்திருந்தவன் நான். எத்தனை சுழி போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது!

ஆனால், 200 ஆண்டுகளுக்கும் மேலாக யாராலும் திருத்த முடியாத ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. அதைச் செய்தவரும் ஒரு காலத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர்தான். அந்தப் பிழை வட அமெரிக்காவில் வாழும் ஒரு வாத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டு, ஆண்டுக்கு இருமுறை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துகொண்டிருக்கிறது!

அந்த வாத்தை ஆங்கிலத்தில் 'கேன்வாஸ்பேக்' என்கிறார்கள். கேன்வாஸ் என்றால் கித்தான் துணி. பேக் என்றால் முதுகு. ஆண் வாத்தின் முதுகு, வெளுத்த கித்தான் துணியைப் போலவே இருக்கும். அதனால் நாம் இதைக் 'கித்தான்முதுகு வாத்து' என்று அழைப்போமா?

பிழை வந்த கதை

உங்கள் வீட்டில் மேல் வகுப்பு படிக்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால், 'வாலிஸ்னேரியா' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். நீரின் மூலம் மகரந்தச் சேர்க்கை நடக்கும் தாவரத்துக்கு எடுத்துக்காட்டு என்று சட்டென்று சொல்வார்கள். வண்ணமீன் கடையில், கண்ணாடித் தொட்டிக்குள் பச்சை ரிப்பன் போல நீளமாக அசைந்துகொண்டிருக்குமே, அந்தச் செடிதான். வாலிஸ்னேரி என்ற இத்தாலிய அறிஞரின் நினைவாக அதற்கு அந்தப் பெயர்.

அமெரிக்காவிலும் இதே இனத்தில் ஒரு வகை வளர்கிறது. 'காட்டுச் செலரி' என்று அங்கே சொல்வார்கள். கித்தான்முதுகு வாத்துக்கு அது என்றால் உயிர். நமக்கு மாம்பழம் மாதிரி!

அலெக்சாண்டர் வில்சன் என்பவர் 1766-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். அங்கே நெசவுத் தொழில் செய்தார். 1794-ல் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். பறவைகள் மீது ஆசை வந்துவிட்டது. காடு மேடெல்லாம் நடந்து அமெரிக்கப் பறவைகளைப் படம் வரைந்து, பல தொகுதிகள் கொண்ட ஒரு பெரிய நூலை எழுதினார். இந்த வாத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் அவரே. செடியை விரும்பித் தின்கிற வாத்து ஆயிற்றே என்று, அந்தச் செடியின் பெயரையே வாத்துக்கும் வைத்தார்.

அங்கேதான் பிழை! ஆங்கில எழுத்தில் இரண்டு 'எல்' வரவேண்டிய இடத்தில் ஒரு 'எல்' மட்டும் போட்டார். 'எஸ்' எழுத்துக்குப் பின்னால் தேவையில்லாமல் ஓர் 'ஐ' சேர்த்துவிட்டார். 'வாலிஸ்னேரியா' என்பது 'வலிசினேரியா' ஆகிவிட்டது! வில்சன் 1813-ல் இறந்துவிட்டார். இந்தப் பெயர் உள்ள தொகுதி அவர் மறைந்த பிறகு, 1814-ல் வெளிவந்தது.

பிறகாவது திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உயிரினங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. முதலில் எப்படி எழுதப்பட்டதோ, பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். ஆளாளுக்குத் திருத்த ஆரம்பித்தால் ஒரே பறவைக்குப் பத்துப் பெயர் வந்து குழப்பமாகிவிடும் அல்லவா? அதனால் இன்றுவரை அந்த வாத்து 'ஐத்தியா வலிசினேரியா'தான்.

ஆள் எப்படி?

ஆண் வாத்துக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. கண்கள் ரத்தச் சிவப்பு. மார்பு கறுப்பு. முதுகு வெள்ளை. அருகில் பார்த்தால் அந்த வெள்ளையில் மெல்லிய சாம்பல் கோடுகள் இழை இழையாக ஓடும். பெண் வாத்து எளிமையானது. வெளிறிய பழுப்புத் தலை, சாம்பல் கலந்த பழுப்பு உடல். கூட்டில் உட்கார்ந்திருக்கும்போது எதிரியின் கண்ணில் படாமல் இருக்க இந்த மங்கல் நிறம்தான் பாதுகாப்பு.

இந்த வாத்தை அடையாளம் காண ஒரு சுலபமான வழி, முகத்தைப் பக்கவாட்டில் பார்ப்பது. மற்ற வாத்துகளுக்கு நெற்றி மேடாக இருக்கும். பிறகு அலகு தொடங்கும். இதற்கு நெற்றியிலிருந்து அலகு நுனி வரை ஒரே சரிவு. பூங்காவில் சறுக்குமரம் பார்த்திருப்பீர்களே, அதேதான்!

வட அமெரிக்காவின் ஐத்தியா வகை வாத்துகளில் இதுதான் மிகப் பெரியது. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

கவிழும் வாத்து... மூழ்கும் வாத்து...

வாத்துகளில் இரண்டு வகை உண்டு. நம் ஏரிகளில் வாழும் புள்ளிமூக்கு வாத்தும், குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கு விருந்தாளியாக வரும் ஊசிவால் வாத்தும் கவிழும் வகை. தலையை நீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குக் காட்டி, பாதி உடலை மட்டும் கவிழ்த்து மேயும். கழுத்து எட்டும் தூரம்தான் அவற்றின் எல்லை.

கித்தான்முதுகு வாத்து மூழ்கும் வகை. நம் ஊர்க் குளத்தில் முக்குளிப்பான் 'டபக்'கென்று மறைந்து வேறு இடத்தில் எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முக்குளிப்பான் வாத்து இல்லை. ஆனால் வேலை அதே வேலைதான்.

மூழ்குவதற்கு ஏற்றபடி இதன் உடல் எப்படி அமைந்திருக்கிறது தெரியுமா?

கால்கள் உடலின் பின்பக்கத்தில் இருக்கின்றன. விசைப்படகில் சுழலி பின்னால்தானே இருக்கிறது? அதே காரணம்தான். பின்னாலிருந்து உந்தினால் முன்னே வேகமாகப் போகலாம். பாதங்கள் பெரியவை. பின்விரலில்கூட துடுப்புப் போல ஒரு தோல் மடல் இருக்கிறது. மூழ்கும் முன் இறகுகளை உடலோடு இறுக்கி, இடையிலிருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடும். காற்று இருந்தால் ரப்பர் பந்து போல மேலே வந்துவிடுமே!

இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. கால் பின்னால் இருப்பதால் தரையில் நடக்கத் தடுமாறும். உடல் கனம் என்பதால் நின்ற இடத்திலிருந்து 'விர்'ரென்று எழும்ப முடியாது. விமானம் ஓடுபாதையில் ஓடுவதுபோல, தண்ணீர் மேல் 'தட தட'வென்று ஓடித்தான் மேலே ஏற வேண்டும். ஏறிவிட்டாலோ பிடிக்க முடியாது! மணிக்கு 90 கிலோமீட்டர் வரை வேகம் எடுக்கும்.

பனி தோண்டிய குளங்கள்

கனடாவின் தென்பகுதியிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் பரந்த புல்வெளி நாடு இருக்கிறது. ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன், மானிடோபா, வடக்கு டகோட்டா என்று தேசப்படத்தில் தேடிப் பாருங்கள். 10,000 ஆண்டுகளுக்கும் முன்பு இந்த நிலம் முழுவதும் பெரும் பனிப்பாளங்கள் மூடிக்கிடந்தன. அவை உருகிப் பின்வாங்கியபோது, லட்சக்கணக்கான சின்னச் சின்னப் பள்ளங்களை விட்டுச் சென்றன. அவற்றில் பனிநீரும் மழைநீரும் தேங்கிக் குளங்களாயின. விமானத்திலிருந்து பார்த்தால் மழைக்குப் பிறகான மண்சாலை போல ஒரே குட்டை குட்டையாகத் தெரியும்.

இந்தக் குளங்கள்தான் கித்தான்முதுகு வாத்தின் பிறந்த வீடு. அலாஸ்காவிலும் கொஞ்சம் குஞ்சு பொரிக்கும்.

வசந்த காலத்தில் ஜோடி ஜோடியாக வந்து சேரும். பெண் வாத்து, பெரும்பாலும் தான் பிறந்த அதே பகுதிக்கே திரும்பிவரும். கூட்டைக் கரையில் கட்டாது. நீரில் நிற்கும் சம்பு, கோரைகளுக்கு நடுவே, தண்ணீருக்கு மேலே மெத்தை போலக் கட்டும். தன் மார்பிலிருந்து மென்மையான தூவிகளைப் பிடுங்கி உள்ளே பரப்பும். அதில் 7 முதல் 10 முட்டைகள் வரை இடும். ஏறக்குறைய 25 நாட்கள் அடைகாக்கும்.

அப்பா வாத்து என்ன செய்யும்? பெண் அடைகாக்கத் தொடங்கியதும் விடைபெற்று, பெரிய ஏரிக்குப் போய்விடும். அங்கே ஆண் வாத்துகள் கூட்டமாகச் சேர்ந்து பழைய இறகுகளை உதிர்க்கும். சில வாரங்கள் பறக்கவே முடியாது. அதனால்தான் ஒளிந்துகொள்ள வசதியான பெரிய ஏரி வேண்டும்.

தண்ணீருக்கு மேலே கூடு கட்டுவதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. ரக்கூன் போன்ற முட்டைத் திருடர்கள் சுலபமாக வரமுடியாது. மழை பொய்த்த ஆண்டில் கதை மாறிவிடும். குளம் வற்றும். திருடன் நடந்தே வந்துவிடுவான்! கடும் வறட்சி என்றால் பல பெண் வாத்துகள் அந்த ஆண்டு முட்டையே இடாமல் இருந்துவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. குயில் காக்கையின் கூட்டில் முட்டை இடும் கதை உங்களுக்குத் தெரியும். இங்கே 'ரெட்ஹெட்' எனப்படும் உறவுக்கார வாத்து, கித்தான்முதுகு வாத்தின் கூட்டுக்குள் புகுந்து தன் முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். இடநெருக்கடியில் வீட்டுக்காரியின் முட்டைகள் சில உருண்டு தண்ணீரில் விழுந்துவிடும். பாவம், அது எல்லாவற்றையும் தன் முட்டை என்றே நினைத்து அடைகாக்கும்.

குஞ்சுகள் பொரித்த ஓரிரு நாளில் கூட்டைவிட்டு அம்மாவின் பின்னால் நீந்தக் கிளம்பிவிடும். இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனால் பறக்கத் தயார்!

சேற்றுக்குள் புதையல்

குளிர் நெருங்கும். குளங்கள் உறையத் தொடங்கும். வாத்துகள் ஆங்கில 'வி' வடிவில் அணிவகுத்துத் தெற்கே கிளம்பும். வழியில் மிசிசிப்பி ஆற்றின் மேல்பகுதியில் லட்சக்கணக்கில் இறங்கி இளைப்பாறும். நெடுந்தூரப் பேருந்து உணவகத்தில் நிற்பது போல! அங்கே காட்டுச் செலரி ஏராளம். பிறகு சில கூட்டங்கள் கிழக்கே செசபீக் விரிகுடாவுக்கும், சில தெற்கே லூசியானாவுக்கும் மெக்சிகோவுக்கும், இன்னும் சில மேற்கே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கும் பிரிந்து போகும்.

குளிர்காலத்தில் செலரிச் செடியின் இலைகள் அழுகிவிடும். ஆனால் சேற்றுக்குள் கிழங்கு போன்ற மொட்டுகள் உயிரோடு தூங்கும். அடுத்த வசந்தத்தில் அவையே முளைத்துப் புதுச் செடியாகும. அந்த மொட்டு முழுவதும் மாவுச்சத்து. வாத்து மூழ்கிப் போய், நீண்ட அலகால் சேற்றைக் கிளறி அதைப் பிடுங்கி எடுக்கும்.

மேலே காத்திருக்கிறார்கள் வழிப்பறிக்காரர்கள்! விஜியன் என்ற வாத்தும், நம் நாமக்கோழியின் அமெரிக்க உறவினரும் மூழ்கிக் கஷ்டப்படாமல், இது மேலே வந்ததும் வாயிலிருந்து பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

ருசியே எதிரியானது

செலரி தின்று கொழுத்த இந்த வாத்தின் இறைச்சி மிகவும் ருசி என்று பெயர் பரவியது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பெரிய ஓட்டல்களில் இதற்கு ஏக மரியாதை. எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880-ல் வெளியான தன் பயணநூலில், ஊர் திரும்பியதும் சாப்பிட ஆசைப்படும் உணவுகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். அதில் இந்த வாத்தும் உண்டு.

பிறகென்ன? விற்பனைக்காகவே வேட்டையாடும் ஒரு கூட்டம் செசபீக்கில் இறங்கியது. சிறிய படகில் ஆளைவிட நீளமான பெரிய துப்பாக்கியைப் பொருத்தி, இரவில் சத்தமில்லாமல் நெருங்கி, தூங்கும் கூட்டத்தின் மேல் சுடுவார்கள். ஒரே வெடியில் டஜன் கணக்கில் வாத்துகள் சாகும். பீப்பாய் பீப்பாயாக ரயில் ஏறிப் போகும்.

இப்படியே போனால் ஒரு பறவையும் மிஞ்சாது என்று புரிந்தது. 1916-ல் வலசைப் பறவைகளைக் காக்க ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. வாத்துக்கு எல்லைக்கோடு தெரியாதே! பிறப்பது கனடாவில், குளிர்காலம் கழிப்பது அமெரிக்காவில். இரு நாடும் சேர்ந்தால்தான் காப்பாற்ற முடியும். 1918-ல் அமெரிக்கா இதற்காகச் சட்டம் கொண்டுவந்தது. காட்டு வாத்துகளைச் சுட்டு விற்கும் வியாபாரம் முடிவுக்கு வந்தது.

1930-களில் அடுத்த அடி. புல்வெளி நாட்டில் கொடிய வறட்சி. குளங்கள் புழுதியாயின. உழவுக்காகவும் ஏராளமான குளங்கள் வடிக்கப்பட்டன. சில பகுதிகளில் பாதிக்கு மேல் போயே போய்விட்டன. அப்போது ஒரு நல்ல யோசனை பிறந்தது. வாத்து வேட்டைக்குப் போகும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு டாலர் கொடுத்து ஒரு வில்லை வாங்க வேண்டும். தபால்தலை போலவே இருக்கும். ஆனால் கடிதத்தில் ஒட்ட முடியாது! அந்தப் பணத்தில் நீர்நிலைகளை வாங்கிப் பாதுகாப்பார்கள். 1934-ல் முதல் வில்லை வந்தது. அடுத்த ஆண்டு வில்லையில் யார் படம் தெரியுமா? நம் கித்தான்முதுகு வாத்துதான்! இன்றும் அந்த வில்லை வெளிவருகிறது. ஒவ்வொரு டாலரிலும் 98 காசு, அதாவது 98 சென்ட், பறவைகளின் வாழிடத்துக்கே போகிறது.

துப்பாக்கி இல்லாமல் வந்த ஆபத்து

சுடுவது குறைந்தால் போதுமா? போதவில்லை!

செசபீக் விரிகுடாவைச் சுற்றி ஊர்கள் பெருகின. சாக்கடையும் வயல்களின் உரமும் தண்ணீரில் கலந்தன. உரம் பட்டால் பாசி செழிக்கும். தண்ணீர் பச்சையாகக் கலங்கியது. அடியில் இருந்த செலரிக்கு வெயில் கிடைக்கவில்லை. செடி ஏற்கெனவே நலிந்திருந்தபோது, 1972 ஜூன் மாதம் 'ஆக்னஸ்' புயல் வந்தது. சஸ்குவஹானா ஆற்றில் பெருவெள்ளம். வண்டல் மண் வந்து விரிகுடாவின் தலைப்பகுதியில் இருந்த செடிகளை மூடிவிட்டது. தண்ணீருக்கடியில் இருந்த பெரும் பசும்புல்வெளி ஏறக்குறைய அழிந்தே போனது.

1950-களில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் கித்தான்முதுகு வாத்துகள் செசபீக்கில் குளிர்காலம் கழித்தன. 1980-களின் நடுவில் சுமார் 50 ஆயிரம்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரெட்ஹெட் வாத்துகளில் பெரும்பாலானவை செடி போனதும் செசபீக்கைவிட்டே போய்விட்டன. கித்தான்முதுகு வாத்தோ தன் உணவையே மாற்றிக்கொண்டது. சேற்றில் புதைந்திருக்கும் சின்ன மட்டிகளைத் தின்று பிழைக்கக் கற்றது. மூழ்கத் தெரியும், சேற்றைக் கிளறத் தெரியும். அந்தத் திறமை கைகொடுத்தது. மாம்பழம் கிடைக்காவிட்டால் கிடைத்ததைச் சாப்பிட்டு உயிர் வாழ்வோமே, அப்படி!

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எமனும் இருந்தது. வாத்துக்குப் பல் கிடையாது. அதனால் சின்னக் கற்களை விழுங்கும். அவை வயிற்றில் இருந்து இரையை அரைக்கும். வேட்டைக்காரர்கள் சுட்டுச் சேற்றில் விழுந்த ஈயக் குண்டுகளையும் கல் என்று நினைத்து விழுங்கிவிடும். ஈயம் விஷம். நூற்றுக்கணக்கில் சுருண்டு விழுந்தன. 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்குத் தடை. இப்போது இரும்பு போன்ற நஞ்சில்லாத குண்டுகளையே பயன்படுத்த வேண்டும்.

இப்போது நலமா?

1955 முதல், கோடையின் தொடக்கத்தில் சிறு விமானங்கள் தாழப் பறந்து வாத்துகளை எண்ணுகின்றன. கொரோனா காலமான 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் எண்ணவில்லை. கித்தான்முதுகு வாத்துகள் சராசரியாக 6 லட்சம் அளவில் இருக்கின்றன. மழை பெய்து குளம் நிறைந்தால் ஏறும். வறட்சி வந்தால் இறங்கும். மிகவும் குறைந்தால் அரசே வேட்டையை நிறுத்திவிடும். 2008-ல் அப்படி நிறுத்தியது.

சாக்கடை நீரைச் சுத்திகரித்து விட்டதால், 2000-க்குப் பிறகு செசபீக்கின் தலைப்பகுதியில் நீர்ச்செடிகள் மீண்டும் தழைத்தன. 2011-ல் இன்னொரு பெருவெள்ளம் வந்து கொஞ்சத்தை அடித்துச் சென்றது. ஆனால் இந்த முறை முழுவதும் அழியவில்லை. அடர்ந்து வளர்ந்த செடிகள் தாக்குப்பிடித்தன.

இந்த வாத்து இந்தியாவுக்கு வருவதில்லை. ஆனால் இதன் நெருங்கிய உறவான 'போச்சார்ட்' வாத்து குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வருகிறது. வட இந்தியாவில்தான் அதிகம். அதுவும் செம்பழுப்புத் தலையும் சாம்பல் முதுகுமாக இதன் தம்பி போலவே இருக்கும். அதன் எண்ணிக்கை குறைந்துவருவதால், 2015 முதல் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது.

குழந்தைகளே, வில்சன் செய்த எழுத்துப் பிழையைத் திருத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. குளத்தை மூடியது, சாக்கடையைக் கலந்தது, ஈயத்தை இறைத்தது இவையும் மனிதர்கள் செய்த பிழைகளே. இவற்றைத் திருத்தக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. திருத்தினார்கள். செடி திரும்பி வந்தது. அடுத்தமுறை உங்கள் ஊர் ஏரியில் குப்பையைக் கொட்ட யாராவது வந்தால், இந்த வாத்தை நினைத்துக்கொள்ளுங்கள்!

செய்து பாருங்கள்

இரண்டு கண்ணாடி டம்ளர்களின் அடியில் ஆளுக்கொரு நாணயம் போடுங்கள். ஒன்றில் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். இன்னொன்றில் தண்ணீரோடு ஒரு கரண்டி மண் போட்டுக் கலக்குங்கள். மேலிருந்து டார்ச் அடியுங்கள். எந்த நாணயம் தெரிகிறது? நீங்கள் அந்த நாணயத்தின் இடத்தில் இருக்கும் ஒரு செடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். செசபீக்கில் செலரி ஏன் அழிந்தது என்பது சட்டென்று புரிந்துவிடும்.

வாத்து அட்டை

பெயர்: கித்தான்முதுகு வாத்து
அறிவியல் பெயர்: ஐத்தியா வலிசினேரியா
நாடு: கனடா, அமெரிக்கா, மெக்சிகோ
நீளம்: ஏறக்குறைய அரை மீட்டர்
முட்டை: 7 முதல் 10
பிடித்த உணவு: காட்டுச் செலரியின் குளிர்கால மொட்டு
பிடிக்காதது: வறண்ட குளம், கலங்கிய தண்ணீர்